இரவல் தொட்டில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தங்கும் விடுதிகள் தம்மிடம் வரும் கைக்குழந்தைகளுக்கு இரவலாகக் கொடுக்கும் தொட்டில் எவ்வளவு உறுதியானதாக இருக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்த நாள் 2012 டிசம்பர் 28 ஆகும். கடையில் விற்கும் தொட்டிலின் கம்புகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதை அதே நாட்டின் அரசு 1973-ஆம் ஆண்டிலேயே அங்குலக் கணக்கில் வரையறுத்திருந்தது. கடைத் தொட்டிலுக்கு வந்த சட்டம் விடுதித் தொட்டிலை எட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆனது ஏன் என்று ஆராய்ந்தால், விடுதி அறை யாரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது, அதற்குள் குழந்தை எப்போது, எந்த உரிமையோடு நுழைந்தது என்ற வரலாற்றுக்குத்தான் சென்று சேர வேண்டியிருக்கிறது. கட்டணம் இல்லாத விருந்தாளியாக உள்ளே வந்த குழந்தை, விடுதியின் பேரேட்டிலும் சட்டத்தின் பார்வையிலும் நெடுங்காலம் எண்ணப்படாமலே இருந்தது.

அமெரிக்க விடுதிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1829-இல் பாஸ்டன் நகரில் திறக்கப்பட்ட ட்ரெமான்ட் மாளிகையிலிருந்து தொடங்குவர். முன்பின் அறியாதவர்கள் ஒரே கூடத்தில், சில வேளை ஒரே கட்டிலில் படுத்துறங்கிய பழைய சாவடி வழக்கத்தை விலக்கி, பூட்டும் சாவியும் உள்ள தனியறையையும் ஒவ்வோர் அறைக்கும் சோப்புக்கட்டியையும் அது கொடுத்தது என்பதே அதன் பெருமை. அந்தக் காலத்து விடுதிகளில் குழந்தைகள் இல்லாமல் இல்லை. வசதியுள்ள குடும்பங்கள் மாதக்கணக்கில் விடுதியிலேயே குடியிருந்ததும் உண்டு. 1861-62-இல் அந்நாட்டில் பயணம் செய்த ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ராலப் தம் பயண நூலில் விடுதிக் குழந்தைகளின் உணவையும் நடத்தையையும் பற்றிக் கடுமையாக எழுதும் அளவுக்கு அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள். ஆயினும் அத்தகைய குடும்பங்களோடு செவிலிப் பெண்களும் வந்தனர். குழந்தையின் பாதுகாப்பு அந்தச் செவிலியின் கண்ணிலும் கையிலும் இருந்ததே தவிர, அறையின் அமைப்பில் இருக்கவில்லை. ஆகவே அறையைக் கட்டியவர்கள் குழந்தையை நினைக்க வேண்டிய தேவை எழவில்லை.

அந்தத் தேவையை மோட்டார் கார் உண்டாக்கியது. 1925-இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ ஊரில், காரில் வருவோர் அறை வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொள்ளும்படி ஒரு விடுதி திறக்கப்பட்டது. மோட்டார், ஓட்டல் என்ற இரு சொற்களையும் ஒட்டவைத்து மோட்டல் என்ற புதுச்சொல் அதற்கு இடப்பட்டது. செவிலியும் பணியாளும் இல்லாத நடுத்தரக் குடும்பம், தாய் தந்தை பிள்ளைகள் என்று ஒரே வண்டியில் ஏறி, ஒரே அறையில் இரவைக் கழித்துவிட்டு மறுநாள் காலையில் புறப்பட்டுவிடும் புதிய பயண முறை இவ்வாறு பிறந்தது. எனினும் பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம் வாங்கும் வழக்கம் பல இடங்களில் நீடித்தது. 1951-இல் மெம்ஃபிஸ் நகரத்து வீடு கட்டும் தொழிலதிபரான கெமன்ஸ் வில்சன், மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் வாஷிங்டனுக்குக் காரில் சென்றபோது, ஆறு டாலர் அறைக்குப் பிள்ளை ஒன்றுக்கு இரண்டு டாலர் வீதம் சேர்த்துப் பதினாறு டாலர் கேட்கப்பட்டது. அந்தக் கோபத்தோடு ஊர் திரும்பிய அவர், மறு ஆண்டு ஆகஸ்டில் மெம்ஃபிஸின் சம்மர் அவென்யூவில் முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்தார். பெற்றோரின் அறையிலேயே தங்கும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்பது அவ்விடுதியின் கொள்கைகளுள் முதன்மையானது.

விடுதித் தொழிலின் வரலாற்றில் இந்த முடிவுக்குரிய இடம் மிகப் பெரியது. 1956-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் மாநிலங்களை இணைக்கும் 41,000 மைல் சாலைத் திட்டத்துக்கு வழிவகுத்தது. சாலைகள் பெருகப் பெருக அவற்றின் சந்திப்புகளில் விடுதிகளும் பெருகின. வில்சனின் கொள்கையைப் போட்டியாளர்களும் மேற்கொள்ள வேண்டியதாயிற்று. பிள்ளைகளோடு ஊர் சுற்றிப் பார்ப்பது செல்வர்களுக்கு மட்டும் உரியது என்ற நிலை மாறியதற்கு இக்கொள்கை பெருந்துணை செய்தது. அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதே வேளையில், குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்றான பின் குழந்தைக்காகச் செலவிடப்படும் பொருள் எதுவும் வருவாயோடு இணைந்ததாக இல்லாமல் போயிற்று. விளக்கு எரிகிறதா, தொலைக்காட்சியில் படம் தெரிகிறதா என்பவற்றைப் பார்க்க ஆள் இருந்தது; சலவை அறைக்குப் பக்கத்துக் கிடங்கில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டு, யாரேனும் கேட்டால் மட்டும் தூசு தட்டி எடுத்துச் செல்லப்படும் தொட்டிலின் திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

இங்கே தொட்டில் என்ற சொல்லைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். தமிழர் வீட்டுத் தொட்டில் தொங்கும் தன்மையது. தூளி என்றும் ஏணை என்றும் வழங்கப்படும் சேலைத் தொட்டிலை உத்தரத்திலோ மரக்கிளையிலோ கட்டிக்கொள்ளலாம் என்பதால், பயணம் போகும் தாய் அதைத் தன்னோடு கொண்டுபோனாள். தங்கும் இடத்தார் அதைத் தர வேண்டியதில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் சரபோஜி, இராமேசுவரம் செல்லும் வழியிலிருந்த சத்திரங்களின் அறப்பணிகளை விவரித்து 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், பச்சிளங் குழந்தைகளுக்குப் பால், சத்திரத்திலேயே பேறுகால வலி காணும் பெண்களுக்கு மருந்து, பேற்றுச் செலவு, பேறு முடிந்த பின்னும் தங்கியிருக்க இடம் ஆகியவை தரப்படுவதாகக் குறிப்பிடுகிறார். அங்கே குழந்தைக்கு அஞ்சப்பட்ட தீங்குகள் பசியும் நோயும். படுக்கையால் தீங்கு வரும் என்ற அச்சம் அக்கடிதத்தில் இல்லை. அமெரிக்கர் கிரிப் என்று அழைக்கும் தொட்டிலோ ஆடாதது, நான்கு கால்களில் நிற்பது, நாற்புறமும் நிமிர்ந்த கம்புகளால் அடைக்கப்பட்டது. சொல்லப்போனால் அது குழந்தையை யாரும் பாராதிருக்கும் நேரத்துக்காகவே செய்யப்பட்ட சிறு கூண்டு. யாரும் அருகில் இல்லாதபோதும் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்பப்படுகின்ற பொருளாதலால், அந்த நம்பிக்கை பொய்த்தால் விளையும் தீங்கும் யாரும் அருகில் இல்லாதபோதே விளைகிறது.

ஆட்டுந் தொட்டில் குழந்தையின் உடலுக்குக் கேடு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டு மருத்துவர்கள் கூறத் தொடங்கிய பிறகே நிலைத் தொட்டில் பரவியது. அதன் முதல் ஆபத்து வண்ணத்தில் இருந்தது. 1914-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள் தாமஸும் பிளாக்ஃபனும், தொட்டில் கம்பியின் வெள்ளை வண்ணத்தைக் கடித்துத் தின்றதால் ஈய நஞ்சேறி இறந்த ஒரு சிறுவனைப் பற்றிய மருத்துவக் குறிப்பை வெளியிட்டனர். பல் முளைக்கும் பருவத்துக் குழந்தை கைக்கு எட்டியதைக் கடிக்கும் என்பது எல்லாத் தாய்மாரும் அறிந்த செய்தி. ஆனால் பொம்மைகளுக்கும் குழந்தைகள் பயன்படுத்தும் மரச்சாமான்களுக்கும் பூசும் வண்ணத்தில் ஈயம் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விருப்பநெறி 1955-இல்தான் வந்தது. விருப்பநெறி என்பது தொழில் நடத்துவோர் தாமாக ஒப்புக்கொள்ளும் நெறி. மீறினால் தண்டனை இல்லை. மீறினால் தண்டிக்கத்தக்க தடை வருவதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது ஆபத்து இடைவெளியில் இருந்தது. தொட்டிலில் இறந்த குழந்தைகளைப் பற்றிய விசாரணைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த முறை ஒன்று உண்டு: தவழும் பருவத்துக் குழந்தையின் கால்களும் இடுப்பும் இரு கம்புகளுக்கிடையே வழுகி வெளியே வந்துவிடும், தலை மட்டும் அதைவிடப் பெரிதாதலால் உள்ளே சிக்கிக்கொள்ளும், உடல் தொங்க, கழுத்து இறுகும். தலை நுழையாத அளவு இடைவெளி போதும் என்று தச்சர்கள் கொண்டிருந்த கணக்கு இதனால் பிழையென்று தெரிந்தது. இடுப்பு நுழையாத அளவே சரியான அளவு. 1969-இல் குழந்தைகள் பாதுகாப்பும் பொம்மைப் பாதுகாப்பும் பற்றிய சட்டம் இயற்றப்பட்டதும், 1972-ஆம் ஆண்டின் சட்டத்தால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்ற தனி அமைப்பு தோன்றியதும் இவ்வறிவை விதியாக மாற்ற உதவின. 1973 நவம்பரில் வெளியாகி 1974 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கம்புகளுக்கிடையேயான இடைவெளி தச்சருக்குத் தச்சர் வேறுபடாமல், 2⅜ அங்குலத்தை, அதாவது சுமார் 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது; தொட்டிலின் உட்புற நீள அகலங்களும் வரையறுக்கப்பட்டதால், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே குழந்தையின் முகம் புதையும் பள்ளம் ஏற்படாமல் மெத்தை பொருந்த வழி பிறந்தது. மடக்கு வகை முதலான சிறு தொட்டில்களுக்கான விதி 1976-இல் வந்தது. மூலைக் கம்பங்களின் அலங்காரக் குமிழ்களில் ஆடையோ கழுத்துக் கயிறோ மாட்டிக்கொண்டு நேர்ந்த மரணங்களின் விளைவாக, அவை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்ற விருப்பநெறி 1990-ஐ ஒட்டி ஏற்பட்டது.

இவ்விதிகள் பல உயிர்களைக் காத்தவை. ஆயினும் அவை புதிதாகச் செய்யப்படும் தொட்டிலையே கட்டுப்படுத்தின. ஏற்கெனவே செய்யப்பட்டுப் புழக்கத்தில் இருந்தவற்றை அவை தீண்டவில்லை. மரத்தொட்டிலோ எளிதில் அழிவதன்று. ஒரு வீட்டில் மூன்று குழந்தைகளை வளர்த்த பின் தங்கைக்கும், அங்கிருந்து பழம்பொருள் கடைக்கும், அறநிலையத்துக்கும் கைமாறிச் செல்லும். வீட்டில் இருப்பதன் வயதாவது வீட்டார்க்குத் தெரியும். விடுதியில் இரவு பதினொரு மணிக்குப் பணியாளர் கொண்டுவந்து விரித்து வைக்கும் தொட்டிலின் வயது, அது எத்தனை முறை பிரித்துக் கோக்கப்பட்டது, எந்த ஆணி எப்போது தொலைந்தது என்பதெல்லாம் நெடுந்தூரம் வண்டியோட்டிக் களைத்து வந்திருக்கும் பெற்றோருக்குத் தெரிய வழியே இல்லை.

அப்பிரித்துக் கோக்கும் செயலில்தான் மூன்றாவது ஆபத்து இருந்தது. இங்கே இறங்குபக்கத் தொட்டில் என்ற வகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தையைத் தூக்கவும் கிடத்தவும் தாய் முதுகை வளைக்க வேண்டியதில்லாமல், ஒரு பக்கத்துக் கம்பிச் சட்டம் முழுவதும் காடிகளில் வழுகிக் கீழே இறங்கும்படி அமைக்கப்பட்ட தொட்டில் அது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க வீடுகளில் மிகப் பரவலாக இருந்தது இவ்வகைதான். முற்காலத்தில் அந்தப் பக்கம் உலோகத் தண்டுகளில் ஏறி இறங்கியது. பிற்காலத்தில் விலை குறைப்புக்காக நெகிழி உறுப்புகளும் மெல்லிய மரமும் இடம்பெற்றன. ஓர் உறுப்பு முறிந்தாலும் சட்டத்தின் ஒரு மூலை மட்டும் காடியிலிருந்து கழன்றுவிடும். பார்ப்பவர் கண்ணுக்குத் தொட்டில் மூடியே இருப்பதுபோலத் தெரியும். குழந்தை சாயும்போது மட்டும் அந்த மூலை விலகி, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆங்கில வி எழுத்தின் வடிவில் ஒரு பிளவைத் திறக்கும். அப்பிளவில் விழுந்த குழந்தை மூச்சுத் திணறியது. வீட்டில் ஒருமுறை கோத்து ஆண்டுக்கணக்கில் அசையாது நிற்கும் தொட்டிலிலேயே இத்தகைய முறிவுகள் நேர்ந்தன என்றால், அடிக்கடி மடக்கியும் பிரித்தும் தாழ்வாரங்களில் தள்ளிச் செல்லப்பட்டும் தேய்ந்த விடுதித் தொட்டிலின் நிலை என்னவாயிருக்கும் என்பதை எளிதில் உய்த்துணரலாம்.

மரத்தொட்டிலின் இடத்தைப் பிடிக்க வந்தது வலைத்தொட்டில். உலோகக் குழாய்ச் சட்டத்தில் நைலான் வலையை இழுத்துக் கட்டி, மடக்கினால் ஒரு பைக்குள் அடங்கும்படி செய்யப்பட்ட அது விடுதிக் கிடங்குகளுக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. ஆனால் 1990-களில் விற்கப்பட்ட சில வகைகளில் மேற்சட்டத்தைக் கையால் திருகிப் பூட்ட வேண்டியிருந்தது. பூட்டு சரியாக விழாவிட்டால், உள்ளே நிற்கும் குழந்தையின் எடை பட்டதும் சட்டம் நடுவில் மடிந்து கழுத்தை நெரித்தது. அவ்வகைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெறுதல் என்பது, குறையுள்ள பொருளை வாங்கியவர்கள் அதைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி தயாரிப்பாளரும் ஆணையமும் அறிவிக்கும் ஏற்பாடு. அறிவிப்பு காதில் விழாதவர்க்கு அதனால் பயனில்லை. 1998-இல் சிகாகோவில் உரிமம் பெற்ற குழந்தைக் காப்பகம் ஒன்றில், ஐந்தாண்டுகளுக்கு முன்பே திரும்பப் பெறப்பட்ட அத்தகைய தொட்டில் மடிந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். பல்கலைக்கழகப் பேராசிரியர்களான அவனுடைய பெற்றோர் கிட்ஸ் இன் டேஞ்சர் என்ற அமைப்பை நிறுவிப் போராடியதன் விளைவாக, ஆபத்தானதென்று அறிவிக்கப்பட்ட குழந்தைப் பொருள்களை விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் காப்பகங்களில் பயன்படுத்துவதையும் தடுக்கும் சட்டத்தை 1999-இல் இல்லினாய் மாநிலம் இயற்றியது. கலிஃபோர்னியா, வாஷிங்டன் முதலிய மாநிலங்களும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் விடுதிகளையும் உள்ளடக்கிய தொட்டில் சட்டங்களைக் கொண்டுவந்தன.

2000-ஆம் ஆண்டில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் சேஃப் கிட்ஸ் என்ற தன்னார்வ அமைப்பும் சேர்ந்து பல மாநிலங்களில் 90 விடுதிகளின் தொட்டில்களை நேரில் பார்வையிட்டபோது, ஏறத்தாழ எண்பது விழுக்காட்டு விடுதிகளில் ஏதேனும் ஓர் ஆபத்தேனும் காணப்பட்டது. தளர்ந்த திருகாணிகள், பொருந்தாத மெத்தைகள், பஞ்சணைகள் ஆகியவற்றோடு, பெரியவர் கட்டிலுக்குரிய விரிப்பைத் தொட்டில் மெத்தையில் சுற்றிச் செருகும் வழக்கமும் அப்போது வெளிப்பட்டது. இக்கடைசிச் செய்தி சிந்திக்கத்தக்கது. அந்த விரிப்பைப் போட்டவர் தீய எண்ணம் உடையவர் அல்லர். வெளுத்து மடித்த தூய துணியால் அழகாகவே படுக்கையை அமைத்திருப்பார். மிகுதியான துணி இரவில் அவிழ்ந்து குழந்தையின் முகத்தில் சுற்றிக்கொள்ளும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, குழந்தைக்குரிய சிறு விரிப்பை நிர்வாகம் வாங்கித் தரவும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கக் கூடாது என்று 1992-இல் அறிவுறுத்தி, 1994-இல் மல்லாக்கப் படுக்கவைக்கும் நாடுதழுவிய இயக்கம் தொடங்கியபின், காரணம் புலப்படாமல் உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் சுமார் பத்தாண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. வீடுகளுக்கு எட்டிய இந்த அறிவு, படுக்கை விரிக்கும் விடுதிப் பணியாளருக்கு எட்டவில்லை.

தொட்டிலுக்கு அப்பாலும் அறையில் ஆபத்துகள் இருந்தன. அவற்றுள் வெந்நீரின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 60 பாகை செல்சியஸ் வெந்நீர் பெரியவர் தோலையே ஐந்து நொடிகளில் ஆழமாகப் பொசுக்கிவிடும். 49 பாகையிலோ அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. குழாயைத் திருகத் தெரிந்த இரண்டு வயதுக் குழந்தைக்கு அதை மூடத் தெரியாது. சியாட்டில் நகரத்து மருத்துவர்கள் 1970-களின் பிற்பகுதியில் குழாய்நீர்த் தீப்புண்களை ஆராய்ந்து எழுதியதை ஒட்டி, 1983-இல் வாஷிங்டன் மாநிலம் புதிய வெந்நீர்க் கொதிகலன்களை 49 பாகைக்கு அமைக்கும்படி சட்டமியற்றியது. விடுதிகளில் இது எளிதாக இல்லை. நூற்றுக்கணக்கான அறைகளுக்கு ஒரே கொதிகலனிலிருந்து நீர் செல்கிறது. அதைக் குறைந்த வெப்பத்தில் வைத்தால் ஒரு கொலைகாரக் கிருமிக்கு இடம் கிடைக்கும். 1976 ஜூலையில் பிலடெல்பியாவின் பெல்லெவ்யூ-ஸ்ட்ராட்ஃபர்ட் விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர் மாநாட்டை ஒட்டி 34 பேரைப் பலிகொண்ட மர்மக் காய்ச்சலின் கிருமி மறு ஆண்டு தொடக்கத்தில் கண்டறியப்பட்டு லெஜியனெல்லா எனப் பெயர் பெற்றது. வெதுவெதுப்பான நீரில் பெருகும் அதனை ஒடுக்க, தேக்கிவைக்கும் நீரை 60 பாகையில் காக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கற்றனர். முதியவர்களின் நுரையீரலைக் காக்கும் வெப்பம் குழந்தையின் தோலைப் பொசுக்கும் வெப்பமாகவும் இருந்தது. கொதிகலனில் சூடாகவே வைத்துக் குழாய்க்கு அருகில் தண்ணீரைக் கலந்து இறக்கும் கலப்பு வால்வு என்ற கருவியே இந்த முரணுக்குத் தீர்வாயிற்று. அது பொருத்தப்படாத பழைய கட்டடங்களில் பெற்றோரின் கைதான் இன்றும் வெப்பமானி.

மேல்மாடிக் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியும் தொட்டில் கம்பிகளைப் போலவே சுருங்கியது: கட்டட விதிகள் பலவற்றில் 6 அங்குலமாக இருந்தது 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 4 அங்குலமாயிற்று, ஆனால் அதுவும் புதிதாகக் கட்டப்பட்டவற்றுக்கே பொருந்தியது. கனத்த தொலைக்காட்சிப் பெட்டி குழந்தையின் மேல் கவிழும் ஆபத்து வீடுகளைவிட விடுதிகளில் குறைவாக இருந்ததற்கு, திருட்டுக்கு அஞ்சி அதை மேசையோடு திருகி வைத்திருந்ததே காரணம்; பொருளைக் காக்கச் செய்தது குழந்தையையும் காத்தது.

2007-க்குப் பின் தொட்டில்கள் இலட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. 2009 நவம்பரில் ஒரே அறிவிப்பில், அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 21 இலட்சம் இறங்குபக்கத் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. 2010 இறுதிக்குள் மொத்தம் ஒரு கோடியே பத்து இலட்சத்தைத் தாண்டியது. 2000-க்குப் பின் இறங்குபக்கத் தொட்டில்களால் குறைந்தது 32 குழந்தைகள் இறந்தனர் என்பது ஆணையத்தின் கணக்கு. இதற்கிடையே 2008 ஆகஸ்ட் 14-இல் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. அதன் 104-ஆம் பிரிவு, சிகாகோவில் இறந்த அச்சிறுவனின் பெயரைத் தாங்கியது. தொட்டிலைச் செய்பவரையும் விற்பவரையும் மட்டுமன்றி, அதைப் பிறர் பயன்பாட்டுக்குக் கொடுக்கும் காப்பகத்தாரையும் விடுதிக்காரரையும் முதன்முதலாக நாடு முழுவதற்கும் பொறுப்பாளியாக்கியது இப்பிரிவே. விடுதி எது என்று வரையறுக்க அச்சட்டம் தீயணைப்புச் சட்டத்தின் வரையறையை எடுத்துக்கொண்டது. உரிமையாளரே குடியிருந்துகொண்டு ஐந்து அறைகளுக்கு மேற்படாமல் வாடகைக்கு விடும் வீடு அதனுள் அடங்காது.

2010 டிசம்பர் 15-இல் ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களும் ஒருமனதாகப் புதிய விதிகளை ஏற்றனர். இறங்குபக்கத் தொட்டில் தடைசெய்யப்பட்டது. கம்புகளின் வலிமை, மெத்தைத் தாங்கியின் உறுதி, திருகாணிகள் தளராத தன்மை ஆகியவற்றுக்குக் கடுமையான சோதனைகள் விதிக்கப்பட்டன. தயாரிப்பாளர்க்கும் வணிகர்க்கும் 2011 ஜூன் 28 வரையும், பழைய தொட்டில்களை மொத்தமாக அகற்றிப் புதியவை வாங்க வேண்டியிருந்த காப்பகங்களுக்கும் விடுதிகளுக்கும் 2012 டிசம்பர் 28 வரையும் தவணை தரப்பட்டது. கையிலிருக்கும் பழைய தொட்டிலையும் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னதே இவ்விதியின் உயிர். 1973-ஆம் ஆண்டின் விதி சொல்லாமல் விட்டது அதைத்தான்.

ஆயினும் ஒரு திறப்பு மூடப்படவில்லை. விதியில் வரையறுக்கப்பட்ட தொட்டில் என்பது கெட்டியான பக்கங்களை உடையது. வலைப்பக்கம் கொண்ட மடக்குத் தொட்டில் அதில் சேராது. வலைத்தொட்டிலுக்கான தனி விதி 2013 பிப்ரவரி 28-இல் நடைமுறைக்கு வந்தபோது, அது செய்பவரையும் இறக்குமதி செய்பவரையுமே கட்டுப்படுத்தியது. கிடங்கில் ஏற்கெனவே இருந்தவற்றை மாற்றும்படி விடுதிகளுக்கு நாள் குறிக்கவில்லை. விடுதிகள் விரும்பிக் கையாளும் வகை அதுவே. விடுதி அறைக்கு அது கொண்டுவரப்படும்போது, தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்ட சீட்டு அதன் சட்டத்திலோ அடிப்பாகத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். குழந்தையைக் கிடத்தும் முன் பெற்றோர் அந்தச் சீட்டைத் தேடிப் படிக்க வேண்டும்.